பதினைந்தாம் மாதக் கேள்வித்தாள்

பட்டம் வாங்கிப் பதினைந்து மாதம் கழித்துப்
பல்கலைக்கழகம் கேட்கிறது:
உங்கள் புவியியல் படிப்பு
வேலைக்கு உங்களை எந்த அளவு தயார்படுத்தியது?
ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு வட்டத்தைத் தொடவும்.

நான் ஹல் நகர மன்றத்தின் மூன்றாம் மாடியில்
வெள்ளப் பிரிவுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.
தற்காலிகம்.
கழுத்து அட்டையில் 'பிரையனி'க்கு ஓர் எழுத்து குறைகிறது.

இரண்டாம் ஆண்டில் ஓடைக்குள் இறங்கி
நானூறு கூழாங்கல் அளந்தோம்.
நீளம், அகலம், எவ்வளவு உருண்டை.
இதுவரை கூழாங்கல்லைப் பற்றி
என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை திருமதி ஹெப்வொர்த் கேட்டார்:
"நூறு வருஷத்துக்கு ஒரு வெள்ளம் என்று
கடிதத்தில் போட்டிருக்கிறீர்கள்.
போனது இரண்டாயிரத்து ஏழில் வந்தது.
அப்படியானால் என் காலம் முடியும்வரை
கவலையில்லை, சரிதானே?"

சரியில்லை என்று நிறுவ எனக்குச் சூத்திரம் தெரியும்,
தேர்வில் அதற்கு எழுபத்திரண்டு.
தொலைபேசியில் வாய் வரவில்லை.
"வருஷா வருஷம் புதிதாகக் கலைத்துப் போடும்
சீட்டுக்கட்டு மாதிரி" என்றேன்.
"நான் மெதடிஸ்ட். சீட்டு தொடுவதில்லை."

என் திரையில் அவர் வீடு
பாதி கரும்நீலம், பாதி வெளிர்நீலம்.
கோடு சமையலறை நடுவே போகிறது,
கெட்டில் ஒரு நிறத்தில், ரொட்டி இன்னொன்றில்.
காப்பீட்டுக்காரர்களுக்குக் கரும்நீலம் மட்டும் தெரியும்.

மதியம் பஸ் பிடித்துப் போனேன், யாரும் அனுப்பாமல்.
வாசற்படியை நாடாவால் அளந்தேன்:
இரண்டு செங்கல் உயரம்.
விமானத்திலிருந்து எடுத்த உயரக் கணக்கில்
இந்தப் படி இல்லவே இல்லை!
எனக்குள் ஏதோ துள்ளியது.
ஆய்வேடு முழுக்க எழுதியும் வராத துள்ளல்.

கதவைத் திறந்தவர் நாடாவைப் பார்த்தார்.
"தண்ணீர் இந்த வழியாக வரவில்லை, கண்ணு.
கழிப்பறைக்குள்ளிருந்து பொங்கியது."

படியின் மேல் உட்கார்ந்தேன்.
சாக்கடைக்கு ஒரு பாடவேளைகூட இருந்ததில்லை.
அவர் தேநீர் கொண்டுவந்தார்,
எந்த நேரத்தில், எந்த மூலையிலிருந்து,
கம்பளம் முதலில் எங்கே கறுத்தது என்று
ஒரு மணி நேரம் சொன்னார்.
நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.
கூழாங்கல்லை எழுதிய அதே கையெழுத்தில்,
அதே மாதிரி, ஒன்றையும் விடாமல்.

"இதற்காகவா காலேஜில் படித்தாய்?"
ஆமாம் என்றேன்.
பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரியாது.

ஐந்து வட்டங்களும் திரையில் காத்திருக்கின்றன.
வெளியே தூறல் பிடித்துவிட்டது.
தொலைபேசி அடிக்கிறது.