மூன்றாவது வரி

சீட்டுப் பணம் இருபத்தெட்டாயிரம்
வாஷிங் மெஷினாக வரவேண்டியது
உள்ளங்கை அகலத் திரையாக வந்தது.
உள்ளே வேம்புலியின் பழைய போர்:
கட்டம் கட்டமாய்ப் புல், ஓர் ஆறு,
ஆற்றுக்கு ஒரே பாலம்.
சிவப்புப் படை அவன்.
நீலத்துக்கு ஆளில்லாமல் விட்டிருந்தான்.

திரை புதுசு, அகலம்.
ஆட்டம் அந்தக் காலத்துச் சதுரம்.
இரண்டு பக்கமும் மிச்சமான கருப்புப் பட்டையில்
என் கோபம் தெளிவாகத் தெரிந்தது,
மூக்குத்தி உட்பட.

அந்தக் கோபத்தில்தான் முதலில் எடுத்தேன்.
ஸ்டான்லியில் இரவு டூட்டி முடித்து வந்து
செருப்பைக்கூடக் கழற்றாமல்
அவன் டாங்கி ஒன்றை உடைத்துவிட்டு
ஃபிரிட்ஜ் மேல் திரும்ப வைத்தேன்.
மறுநாள் காலை
என் காலாட்கள் இரண்டு பேர் இல்லை.

இப்படி பத்தொன்பது நாள்.
பேச்சில்லை.
நாளுக்கு ஒரு முறை அவனுக்கு,
ஒரு முறை எனக்கு.

கேரம் போர்டில் வளர்ந்த கை அவனுடையது.
அதில் காய் விழுந்தால் மறுபடி உன் அடிதான்,
விழ விழ ஆடலாம், எதிராளி பவுடர் தட்டிக்கொண்டிருப்பான்.
இதில் என்ன ஜெயித்தாலும்
கீழே வைத்துவிட்டுப் போகவேண்டும்.
குடத்தை வரிசையில் வைத்துவிட்டு
அடுப்பைப் பார்க்கப் போகிற எங்கள் பிளாக்குக்கு
இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொருக்குப்பேட்டையில் பிரோஸ் கடை,
மணிக்கு ஆறு ரூபாய்.
கேசட்டில் ஜப்பான் எழுத்து, ஒருத்தருக்கும் படிக்க வராது.
வரியை எண்ணித்தான் போர் செய்தார்களாம்:
முதல் வரி நட, இரண்டாவது சுடு,
மூன்றாவது, முறையை முடி.
கரண்ட் போனால் இரண்டு பக்கமும் செத்தது.
கல்யாணம் ஆன புதிதில் சொன்னான்,
நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு.

புது மெஷினில் பின்னால் ஓட்டும் பட்டன் இருக்கிறது.
அழுத்திப் பிடித்தால் செத்தவன் எழுந்து
தன் மேல் பட்ட குண்டைத் திருப்பி அனுப்புகிறான்.
நான் தொடவில்லை.
பதினோரு வருஷமாக ஐ.சி.யூ. வாசலில்
அதைத் தேடுகிற கைகளைப் பார்க்கிறேன்.
அவனும் தொட்டிருக்கமாட்டான்.
தொட்டிருந்தால் இவ்வளவு மோசமாகத் தோற்பானா?

இருபதாம் நாள் ஃபிரிட்ஜ் மேல்
நான் வைத்தபடியே இருந்தது.
சிவப்பின் முறை.
மறுநாளும் சிவப்பின் முறை.
ஜீரோ கேட்டில் சர்வர் படுத்துவிட்டதாம்,
எண்ணூர் சாலை முழுக்க டிரெய்லர்,
கீழ்வீட்டு ரோஸ்லின் சொன்னாள்.
அவனுக்கும் சேர்த்து நானே ஆடியிருக்கலாம்.
துடைத்து மட்டும் வைத்தேன்.

மூன்றாம் நாள் போன்.
ஹலோ இல்லை, பெயர் இல்லை.
"பாலத்து மேல ஒரு டாங்கி கீதுல்ல."
"இருக்கு."
"அத்த ரெண்டு கட்டம் பின்னால இட்டாந்துடு."
பின்னால் வந்தால் அவன் கோட்டை திறந்துகொள்ளும்.
நீலத்தின் பீரங்கிக்கு அது கைக்கெட்டும் தூரம்.
அது அவனுக்குத் தெரியுமா,
மூன்று நாள் கேபினில் மடங்கித் தூங்கியவனுக்கு
ஆறு எந்தப் பக்கம் என்றே மறந்துவிட்டதா?
கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.
பின்னால் ஏதோ லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

"ரெண்டு கட்டமா?"
"ரெண்டு. அப்பால மூணாவது வரி."

எழுத்து இப்போது இங்கிலீஷ்.
இருவருக்கும் படிக்க வரும்.
எண்ணித்தான் அழுத்தினேன்.
டொய்ங் என்றது.
அந்தப் பக்கம் கொஞ்சம் நேரம் ஒன்றுமில்லை.
"அதே சவுண்டு," என்றான்.
அப்புறம், "வண்டி நவுருது, வை."

என் முறை.
பாலம் காலியாக இருக்கிறது.
இருக்கட்டும்.
ராத்திரியே ஊறவைத்த துணி
பக்கெட்டில் கிடக்கிறது, அவன் காக்கிச் சட்டை மேலே.
கையால்தான் துவைக்கவேண்டும்.