இரண்டு பக்கத்துக்கு மிகாமல்

தலைமையகம் கேட்டிருக்கிறது
பட்டாளத்தின் போர்க்கால வரலாறு,
இரண்டு பக்கத்துக்கு மிகாமல், மூன்று நகல்.
கார்பன் தாளை மாற்றிவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் பத்தி சுலபம்.
எழுபத்தொன்று கார்த்திகையில்
பீளமேட்டில் இரண்டாம் ஷிப்டு கலைகிற நேரம்
மில் வாசலில் ஜீப்பை நிறுத்தி ஆணையைப் படித்தார்கள்.
தலையில் பஞ்சு ஒட்டியபடியே வந்து நின்றார்கள்
அறுநூற்றுப் பதினோரு பேர்.
வருசத்துக்கு ஒரு மாசம் பயிற்சி எடுத்தவர்கள்,
தாங்களாகவே பேர் கொடுத்தவர்கள்.
துப்பாக்கி கனக்கவில்லை என்றார்கள்,
பூட்ஸ்தான் கடித்தது.

"எல்லைக்குங்களா?" என்றான் ஒருவன்.
"ஈரோட்டுக்கு" என்றார் சுபேதார் குஞ்ஞம்பு.
வரிசை மொத்தமும் சிரித்தது.
இதை எழுத முடியாது.

இரண்டாம் பத்தி:
காவிரி ரயில் பாலம். போத்தனூரில் பெட்ரோல் வேகன்கள்.
வாளையாற்றுக் கணவாயில் தந்திக் கம்பிகள்,
கூடவே யானை.
சுட்ட தோட்டா ஒன்று.
பள்ளிபாளையக் கரையில், விடியக் கருக்கலில்,
நில் என்று மூன்று முறை சொல்லியும் நில்லாத எருமை.
இருநூற்று நாற்பது ரூபாய்,
ஆளுக்கு எட்டணா போட்டுக் கொடுத்தோம்.
எருமை எதிரியல்ல என்று விசாரணையில் முடிவானது.

போர் பதினான்கு நாளில் முடிந்தது.
பாலத்துக்கு அது தெரியவில்லை.
தையும் மாசியும் போய்
ஆறு மணலாகி, மண்டியிலிருந்து
மஞ்சள் நெடி காற்றில் வரும் பங்குனியிலும்
நின்றுகொண்டிருந்தோம்.

மார்ச் முப்பத்தொன்று நள்ளிரவோடு
அனைவரும் விடுவிக்கப்பட்டனர்.
ஆணையை நான்தான் பலகையில் ஒட்டினேன்.
மாற்று ஆள்களாக வர வேண்டிய ரயில்வே போலீஸ்
இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.
"பாலத்த அம்போன்னு உட்டுட்டுப் போறதுங்களா?" என்றான் ராக்கியண்ணன்.
பதினெட்டுப் பேர் அவனோடு தங்கினார்கள்.
சம்பளம் கிடையாது, ரேஷன் கிடையாது.
பக்கத்துத் தோட்டத்தில்
கம்பஞ்சோறு கொடுத்தார்கள்.

ராக்கியண்ணன் ரிங் ஃபிரேமில் பதினாறு வருசம்.
அந்த இரைச்சலில் நின்றவர்கள்
பேசுகிற வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள்.
சேர்ந்த அன்று மருத்துவப் படிவத்தை நிரப்பியவன் நான்.
"செவி: நலம்."
கெஞ்சினான், எழுதினேன்.

இரண்டாம் நாள் ராத்திரி மெயில்
முக்கால் மணி தாமதம்.
அவன் முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தான்,
நடுப்பாலத்தில், லாந்தரோடு.

பட்டாளம் எழுதியது: சம்பவத்தின்போது பணியில் இல்லை.
மில் எழுதியது: ராணுவ விடுப்பில் இருந்தார்,
எங்கள் மஸ்டரில் பேர் இல்லை.
ரயில்வே எழுதியது:
அனுமதியின்றித் தண்டவாளத்தில் நடந்தவர்.

மயிலாத்தாள் மூன்று கடுதாசியையும்
மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.
இடுப்பில் கைக்குழந்தை, காலில் செருப்பில்லை,
அழவில்லை.
"அப்ப அவரு எதுலதானுங்க செத்தாரு?"

நான் தட்டுவது இங்கிலீஷில்.
அந்த "எதுல"வுக்கு
ஐந்து வருசமாக ஒரு சொல் தேடுகிறேன்.
பத்தி பத்தியாகப் பாலத்தின் நீளம் எழுதலாம்,
தூண்களின் எண்ணிக்கை எழுதலாம்,
மேஜர் வாங்கிய பாராட்டுக் கடிதத்தின்
எண்ணும் தேதியும் கூட என்னிடம் இருக்கின்றன.

விரல் நடுங்கவில்லை. தட்டுகிறேன்:
பணிக்காலம், ஏப்ரல் இரண்டு நள்ளிரவு வரை.
கார்பன் அதை அப்படியே
கீழே இறக்குகிறது, மூன்று தாளிலும்.
விளக்கம் கேட்டு எழுதுவார்கள்.
பென்ஷனுக்கு இன்னும் ஏழு வருசம் இருக்கிறது,
பிடித்துக்கொள்ளட்டும்.

உயிர்ச்சேதம்: ஒன்று.

மேஜரின் பாராட்டு இடத்தைத் தின்றுவிட்டது,
பெயருக்கு இரண்டாம் பக்கத்தில் வரி இல்லை.
புதுத் தாள் சொருகுகிறேன்.
மூன்றாம் பக்கத்தில் அவன் மட்டும்.

குண்டூசி டப்பாவை
எங்கேயோ வைத்துவிட்டேன்.