பன்னிரண்டு எண்ணும் வரை

செக் மலையூர் யாப்லொனெட்ஸ்,
நிக்கல் பூசும் கூடம்.
தொட்டியிலிருந்து தூக்கிய சட்டத்தை
ஈரத்தோடு அலசப் போடுவதுதான் வழக்கம்.
பிளாஷெனா மட்டும் பிடித்தபடி நிற்கிறாள்,
பன்னிரண்டு எண்ணும் வரை.

நூறு காதணிக் கொக்கிகளின் நுனியில்
பச்சை திரண்டு, தயங்கி,
வந்த இடத்துக்கே சொட்டுகிறது.

"கை மரத்துப்போச்சா?"
மேற்பார்வையாளன் லுபோர்.
"சொட்டுறது உங்க காசு.
சாக்கடைக்கு எதுக்குத் தானம்?"

யாரும் அவளைப் புகழவில்லை.
மறுவாரம் தொட்டிக்கு மேலே
சட்டத்தைச் சாய்த்து மாட்ட
ஒரு இரும்புக் கம்பி வந்தது,
அவ்வளவுதான்.
அவளுக்குத் தோள்வலி குறைந்தது.

மார்ச்சில் கசடு அள்ள வந்த லாரிக்காரன்
பீப்பாயைத் தட்டிப் பார்த்தான்.
பாதிகூட இல்லை.
"என்ன, ஆலையை மூடப்போறீங்களா?"

அவள் திரும்பவில்லை.
ஏழில் இருந்தாள்.