பத்து மில்லிமீட்டர்

சர்ரேயில் நவம்பர்.
மழை பெய்கிறதென்று யாரும் சொல்வதில்லை,
பெய்யாத நாளைத்தான் சொல்வார்கள்.

தென்கிழக்கு மூலை, ஜன்னலுக்குக் கீழே
ஸ்டக்கோவை உரித்துவிட்டு
ஹர்ஜிந்தர் ஸ்க்ரூட்ரைவரால் குத்தினார்.
தேநீரில் தோய்த்த ரஸ்குக்குள் போல
கைப்பிடி வரை இறங்கியது.
வெளியில் ஒரு கீறல் இருந்ததில்லை.
போன கோடையில்தான் வெள்ளை அடித்து
அதன் முன்னால் நின்று படமெடுத்தோம்.

நிமலனுக்கு வழவழப்புத்தான் வேண்டும்,
பீனிக்ஸில் மச்சான் வீட்டுச் சுவர் மாதிரி,
முட்டை ஓடு மாதிரி.
மச்சானின் ஊரில் மழை ஒரு செய்தி.
இங்கே அது
வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்.

கராஜ் ஓரம் நான்கு மாதிரிப் பலகைகளைச்
சாய்த்து வைத்தேன், ஐந்து வாரம்.
வழவழப்பில் மயிரிழை வெடிப்பு.
மணல் பூச்சின் குழிகளில் பாசி.
அக்ரிலிக் கொஞ்சம் இழுபடும், கொஞ்சம் பொறுக்கும்,
பொறுமைக்குத் தனி விலை.
நான்காவதில் பக்கத்து வீட்டுப் பூனை
நகம் தீட்டிக்கொண்டது.

நகராட்சி வரைபடத்தை இரண்டு முறை திருப்பியது.
ஜன்னல் தலையில் சிவப்பு வட்டம்: தகரம் எங்கே?
சுவரின் அடியில் சிவப்பு வட்டம்:
மண்ணிலிருந்து எவ்வளவு உயரம்?
நிறத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.
நாங்கள் மூன்று இரவு சண்டை போட்டது
அதற்குத்தான்.

ஏப்ரலில் வேலை.
பலகை, அதன்மேல் கறுப்புத் தாள்,
தாளின்மேல் மருந்தூட்டிய மரச்சட்டம்,
பிறகு கம்பிவலை, பிறகுதான் சாந்து.
சட்டத்தின் கனத்துக்கு ஓர் இடைவெளி,
பத்து மில்லிமீட்டர்.
பரிசோதகர் ஓல்சன் மண்டியிட்டு
சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.
விரலைத் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டார்.

இத்தனை ஆயிரம் கொட்டி
வாங்கியது ஒன்றுமில்லாத ஓர் இடம் என்று
நிமலன் தங்கையிடம் போனில் சிரிக்கிறான்.
சரிதான்.

மறுபடி நவம்பர், இரவு பதினொன்றரை.
தெற்கிலிருந்து காற்று, சுவரில் அறையும் மழை.
டார்ச்சோடு குந்தியிருக்கிறேன்.
சுவரின் கீழ் உதட்டில் தகர விளிம்பு
காய்ந்துதான் இருக்கிறது.

"நனையிறீர், உள்ளுக்கு வாரும்."

இன்னும் கொஞ்சம்.

உள்ளிருந்து ஒரு துளி
விளிம்புக்கு வந்து
தயங்கி,
விழுகிறது.
அதன் பின்னால்
இன்னொன்று.