இரண்டே முக்கால் சென்றிமீற்றர்

படிவத்தில் ஆறு கூடுகள்:
பெயர், ஆண்டு, உயரம், அகலம், கல்லின் வகை, நிலைமை.
நிலைமைக்கு மூன்று சொல்தான் அனுமதி:
நன்று, சுமார், சிதைவு.
உல்லாசப் பயணிகளுக்கு மட்டக்களப்பு வரைபடம் வேண்டுமாம்.
படம் வரைகிறவன் நான்,
நாடா பிடிக்கிறவன் நவ்சாத்,
மோட்டார்சைக்கிள் அவனுடையது, பெற்றோல் சபையினுடையது.

கோட்டையில் தொடங்கினோம்.
ஒல்லாந்தர் கட்டிய சுவரின் தடிப்பை அளக்க
நாடா போதவில்லை, சாரத்தால் முடிந்து நீட்டினான்.
பீரங்கியின் வாய்க்குள் ஐஸ்பழக் குச்சிகள் ஏழு.
வாவியைப் பார்த்தபடி அது
எதையும் சுடாமல் இருந்தது.
நன்று.

பழைய கல்லடிப் பாலத்தில்
காற்று படிவத்தைப் பிடுங்கப் பார்த்தது.
மீன் பாடுமா என்று கேட்டான்.
அதற்குக் கூடு இல்லை என்றேன்.

நாவலடியில் கடல் கொண்டுபோனவர்களின் பெயர்க்கல்.
உப்புக்காற்றில் எழுத்தெல்லாம் மங்கிக் கிடக்க
நடுவில் ஒரு வரி மட்டும் பளபளத்தது.
கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தா.
முந்தானையை நாக்கில் நனைத்து
அந்த வரியைத் துடைத்தா,
மேல்வரியைத் துடைக்கவில்லை, கீழ்வரியையும்.
எங்களைப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனா.
நவ்சாத் நாடாவைச் சுருட்டினான்.
நான் எழுதினேன்: சிதைவு. ஒரு வரி நன்று.
மேலதிகாரி இதை வெட்டுவார்.

மறுகா சேமக்காலை.
பதினொரு நாள் வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரக் குழந்தைக்கு
ஆளுயரக் கல்.
ஐம்பது வருசம் தந்தி அடித்தவருக்கு
முழங்காலுயரம்.
எருக்கலைப் பற்றையை விலக்கினால்
பறங்கிக் குடும்பங்கள், வரிசையாக,
கொல்லர், தச்சர், துவக்குத் திருத்துகிறவர்.
அங்கேதான் கண்டோம்.

லம்பேர்ட் பல்தசார் 1947 – 1990
அவர் மனைவி எர்மீனா 1952 – 19

அதற்குப் பிறகு வெறுங்கல்.
விரலால் தடவினேன். உடைந்ததல்ல,
வெட்டாமல் விட்ட இடம்.
நவ்சாத் தொலைபேசியை எடுத்துக் கணக்குப் பார்த்தான்,
பார்க்கத் தேவையில்லாத கணக்கு.

வீட்டைத் தேடிப் போனோம்.
ஏணியில் நின்று பீலியில் சருகு தள்ளிக்கொண்டிருந்தா.
"மின்சாரமா, தண்ணியா?" என்றா மேலிருந்தே.
கல்லைப் பற்றி என்றோம்.
சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது,
நவ்சாத் ஓடிப்போய்ப் பிடித்தான்.

"எழுத்துக்கு இவ்வளவெண்டு காசு கேட்டான் அந்தாள்.
ரெண்டு இலக்கத்த இப்பவே வெட்டினா மலிவெண்டான்.
நானும் ஓமெண்டன்.
தொண்ணூறாம் ஆண்டு, மகன்.
அப்ப நாங்க அடுத்த வெள்ளிக்கிழமையையே
கணக்கில எடுக்கல்ல.
ரெண்டாயிரத்த ஆர் கண்டது?"

இரண்டாயிரம் தை முதலாந்திகதி
பூசை முடிந்து நேரே கல்லடிக்குப் போய்
அந்தப் பத்தொன்பதைப் பார்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றாவாம்.
"திருத்த ஏலாதா?" என்று கேட்டேன்.
"திருத்தலாம். ஆனா அந்தாள் இல்ல.
அவனையும் ஆரோ கொண்டுபோனாங்க,
அவனுக்குக் கல்லும் இல்ல."
சருகை ஒரு தள்ளுத் தள்ளினா.
எங்கள் தலையெல்லாம் வேப்பிலை.

இறங்கி வந்து படத்தை எட்டிப் பார்த்தா.
"என்ர கல்லும் இதில வருமா?"
வரும் என்றேன், அதிகாரம் இல்லாமலே.
"அப்ப வீட்டையும் போடுங்க.
ஆக்கள் அங்க தேடிக் களைச்சா
இஞ்ச வந்து தேத்தண்ணி குடிக்கலாம்."

நிலைமைக் கூட்டை இன்னும் நிரப்பவில்லை.
சேமக்காலைக்கு ஒரு புள்ளி வைத்தேன்,
வீட்டுக்கு ஒரு புள்ளி.
பழக்கதோசத்தில் அளவுகோலை வைத்தேன்:
இரண்டே முக்கால் சென்றிமீற்றர்.

வண்டியைக் கிறுக்கிக்கொண்டே நவ்சாத் சொன்னான்,
"அந்தப் பக்கம் வேண்டாம்டா.
றோட்டுக் கிண்டிப் போட்டிருக்கு.
எப்ப முடியுமெண்டு ஆருக்கும் தெரியா."