எட்டுக் கிலோ

முதல் வாரம் மூன்று கிலோ.
மகன் பத்தாவதில் தூக்கிய பை,
பிசுக்கேறிய வார்,
ஜிப்பில் இன்னும் தொங்கும் பிளாஸ்டிக் கால்பந்து.
டாக்டர் சொன்னது வெறும் நடைதான்.
நெல்லைப் போட்டுக் கட்டியது என் யோசனை.

விடியற்காலை ஐந்தேகால், கோரையாற்றுக் கரை.
மூணாறு தலைப்பு வரை போய்த் திரும்புவேன்.
மூன்றாம் வாரம் ஐந்து.
ஆறாம் வாரம் எட்டு.
எட்டில்தான் தெரிந்தது,
நாற்பத்திரண்டு வருடமாக
இடது பாதத்தை முழுசாக ஊன்றியதே இல்லை என்று.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் ராயப்பன்
எதிரே சைக்கிளில் வந்தவர் காலூன்றி நின்றார்.
"பில் கிளார்க்கம்மா, என்னத்த இது முதுவுல?"
நெல்.
"எங்க கொண்டு போறீங்க?"
எங்கேயும் இல்லை. திரும்ப வீட்டுக்குத்தான்.
தண்ணீர் நின்றுபோன ஆற்றைக் கொஞ்சம் பார்த்தார்.
சாக்கோடு நாற்பது கிலோ ஐந்நூற்றெண்பது,
நாளைக்கு நூறு மூட்டை ஏறி இறங்கும் பிடரி அது.
"கூலி என்ன போட்டுருக்கு?"
பதில் சொல்லாமல் நடந்தேன்.
அந்தக் கேள்வி ஒன்பதாவது கிலோ.

பதினொரு மூட்டை.
குறுவைக் கணக்கில் குறைவு,
என் கையெழுத்துக்கு நேர் மேலே.
லாரி வராத நாலு ராத்திரி மழை,
தார்ப்பாய் போதவில்லை,
முளைத்தது பாதி, எலி கொண்டுபோனது பாதி.
எழுதிக் கொடுத்தேன். குறிப்பாணை வந்தது.
அன்றிலிருந்து போன் அடித்தாலே
வயிற்றுக்குள் ஒரு மதகு பொத்தென்று இறங்கும்.
தூக்கம் அந்தப் பக்கம்,
நான் இந்தப் பக்கம்.

நடக்கும்போது மட்டும்
பயம் ஏறித் தோளுக்கு வந்துவிடும்.
தோளில் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்,
இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம்.

விசாரணைக்கு முந்தின நாள்.
சம்பா அறுத்த வயலில் வாத்துக் கிடை.
பின்னால் ஏதோ சளசளப்பு.
திரும்பினால்
கரையேறி வரிசையாக நாற்பது ஐம்பது வாத்து,
மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி, நான் முன்னால்.
பையின் அடித்தையல் விட்டுப்போய்
மெல்லிய கோடாக நெல்,
எங்கிருந்து என்று தெரியவில்லை.
மேய்க்கிற பெண் கம்பை ஓங்கினாள்.
விடு, தின்னட்டும் என்றேன்.

வழியில் நிலையத்துத் தராசில் பையை வைத்தேன்.
ஐந்து கிலோ நூற்றுநாற்பது.
ஏறக்குறைய மூன்று கிலோ போயிருக்கிறது,
தோள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
ராயப்பன் எட்டிப் பார்த்தார்.
"குறைவுக்கு யாரு பொறுப்பு?"
வாத்து, என்றேன்.
ஐந்து மாதத்துக்கப்புறம் சத்தமாகச் சிரித்தேன்,
ஈரப்பதம் பார்க்கும் பையன்
மெஷினைக் கீழே போடப் பார்த்தான்.

மறுநாள் திருவாரூர்.
மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை.
எழுபத்திரண்டு படி.
உட்காருங்கள் என்றார்கள்.
பரவாயில்லை, நின்றே சொல்கிறேன் என்றேன்.
மழை பெய்த தேதி நாலையும்
தாளைப் பார்க்காமல் சொன்னேன்.
இடது பாதமும் தரையில் இருந்தது.

உத்தரவு இன்னும் வரவில்லை.
பையைக் கடைத்தெருவில் தைக்கக் கொடுத்திருக்கிறேன்,
அடியில் இரட்டைத் தையல்,
உள்ளே ஒரு துண்டு சாக்கு வைத்து.
கூலி முப்பது ரூபாய்.