இருபத்தாறு கட்டம் முன்னால்

நீடாமங்கலம் வைரக்கண்ணு கடையில்
படச்சுருளுக்கும் பழைய நோட்டுக்கும் ஒரே விலை.
"படம் ஓடுமா?"
"எடை ஓடும்" என்றார்.

டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி நாற்றம்.
உள்ளே எல்லாரும் சிவந்திருந்தார்கள்.
வயல் சிவப்பு, வானம் சிவப்பு,
மாப்பிள்ளையின் வேட்டி சிவப்பு.
நீலம்தான் முதலில் கிளம்பியிருக்கிறது,
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.
என் வீட்டுக்காரரைப் போல என்று எழுதினால்
கவிதைக்கு நல்லது.
எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பிளீச்சிங் பவுடர் உத்திராபதியிடம் வாங்கினேன்.
பஞ்சாயத்தின் மேல்நிலைத் தொட்டிக்கு
தினம் மருந்து போடுகிறவர்.
"ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம்.
ஒனக்கு எவ்வளவு?"
"ஒரு கல்யாணத்த அழிக்கணும்."
கால் கிலோ கொடுத்தார்.

வெந்நீரில் கரைத்து, தெளியவிட்டு,
மேல்நீரை மட்டும் இறுத்துக்கொண்டு
முதல் சுருளை அப்படியே அமுக்கினேன்.
வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு சிவப்பு
பாலாடை போலச் சுருங்கி எழுந்தது.
அடியில் ஒரு மஞ்சள்,
அறுப்புக்கு நாலு நாள் முந்திய குறுவை போல.
யாரும் பார்ப்பதற்கென்று வைத்ததல்ல அது.
இதோடு நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள்
அதுவும் போய்விட்டது.
பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க
நானூறு அடி வெறும் கண்ணாடி.

சந்தானலட்சுமி மதிலுக்கு மேல் எட்டி
வாளியைப் பார்த்தாள்.
"பீட்ரூட்டா?"
"பதினோரு நிமிஷம்."
வாய்க்காலில் கொட்ட மனம் வரவில்லை,
மதகுக்குக் கீழே வாத்து மேய்கிறது.
கொல்லையில் குழி வெட்டி ஊற்றினேன்.
வில்வண்டி, நாதஸ்வரக்காரர், பந்தியில் பாதிச் சோற்றில் எழுந்தவர்கள்.
இரண்டு நாள் அந்தப் பக்கம் எறும்பு வரவில்லை.

இரண்டாம் சுருளுக்கு வாளி இல்லை.
ஓரத்தில் நெளியும் ஒலிக்கோட்டைத் தொடாமல்
படத்தை மட்டும் பஞ்சுக்குச்சியால்
ஒரு கட்டம், இன்னொரு கட்டம்.
வினாடிக்கு இருபத்துநாலு.
சாயங்காலம் முழுக்கத் துடைத்தாலும்
ஒருவர் பேசி முடிப்பதில்லை.

ஓரிடத்தில் அவள் வாய் திறந்திருந்தாள்.
இதை மட்டும் விடலாம் என்று தோன்றியது.
வாயும் இருக்கிறது, பக்கத்தில் கோடும் இருக்கிறது,
இரண்டும் சேர்ந்து தப்பிக்கட்டும்.
அப்புறம்தான் நினைவு வந்தது:
இந்த அளவுப் படத்தில் சத்தம்
இருபத்தாறு கட்டம் முன்னால் போகும்.
அவள் உதட்டை ஒட்டி நெளிவது
இன்னும் திறக்காத வாயின் சொல்.
அவளுடைய சொல்லோ
நேற்றே நான் துடைத்த வெள்ளைக்குப் பக்கத்தில்.

துடைத்துவிட்டேன்.

அணை திறந்து பதினோராம் நாள்
கோரையாற்றில் முதல் நுரை.
வைக்கோல், ஷாம்பு உறை, ஒற்றைச் செருப்பு,
அதற்குப் பின்னால் தண்ணீர்.
இரண்டு சுருளையும் அதில் நனைத்துக்
கொடியில் போட்டேன்.
வண்டல் தன் இஷ்டத்துக்குப் பிடித்தது.
சில கட்டங்களில் மேகம்,
ஒன்றில் ஏதோ பூச்சியின் கால்,
பலவற்றில் ஒன்றுமில்லை.

குடும்பநல அலுவலக ஏலத்தில் எடுத்த புரொஜெக்டர்.
திரைக்கு எங்கே போவது,
தொட்டியின் வயிற்றில் பாய்ச்சினோம்.
ஊரே திரண்டது என்று சொல்ல மாட்டேன்.
ஏழு பேர். ஒருவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

முதல் பதினோரு நிமிஷம் சத்தமில்லை.
பழுப்பு நகர்ந்தது, நின்றது, கொதித்தது.
சந்தானலட்சுமி ஒருமுறை கொட்டாவி விட்டாள்.
பிறகு, யாருமில்லாத வெளிச்சத்துக்குள்ளிருந்து
ஒரு பெண் குரல்:
"வெளக்க அணைங்க, அப்பத்தான் சொல்லுவேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் அணைக்கவில்லை.

உத்திராபதி மட்டும் எழுந்து
தொட்டிக்கு அடியில் போய் அண்ணாந்து நின்றார்.
"கீறல் விட்டுருக்கு பாரு, கெழக்கால.
பகல்ல தெரியவே இல்ல.
நாளைக்கு பி.டி.ஓ.வுக்கு எழுதிப் போடணும்."

அவர் விரல் காட்டிய இடத்தைத் தேடி
நாங்கள் கண்டுபிடிப்பதற்குள்
அவள் அடுத்த பேச்சில் இருந்தாள்.